சொல்லிப் பழகிய சாவு

மார்ச் 6

அன்புள்ள மிளகுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் தொண்டை எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை ஐஸ் போட்டதையே குடித்துக்கொண்டிருக்கிறாயா?

உன் பாட்டை வெளியாள் ஒருவரிடமிருந்து நான் முதலில் கேட்டது எங்கள் காது ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில். பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணின் போன் அடித்தது. பார்த்தால் நீ பாடுகிறாய். அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க, எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க" என்று தினமும் சொல்வதைச் சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். எனக்குத்தான் சத்தம் அனுப்பக் கை வரவில்லை. அவளோ நான் ஒன்றும் அனுப்பாதபோதே இரண்டு முறை அமுக்கிவிட்டாள். பயந்தவர்கள் அப்படித்தான். இல்லாத சத்தமும் அவர்களுக்குக் கேட்கும்.

அம்மா ரொட்டிக் கம்பெனியில் பாக்கிங் மேஜையில் நின்றபடி கேட்டாளாம். பக்கத்திலிருந்தவள், "எந்த மகராசி பெத்த பொண்ணோ" என்றிருக்கிறாள். அம்மா "யாரோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ரொட்டியைக் கவரில் போட்டாளாம். வீட்டுக்கு வந்துதான் சிரித்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிவி பேட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். ஒவ்வொரு புது ஊரிலும் புதுப் பள்ளியிலும் சொன்னதையே சொல். அப்பா செத்துட்டார், நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது. அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கண்ணில் படாமல் ஒன்பது வருஷம் ஓட்டியாயிற்று. அதற்கு முன்னால், முதல் ஊரில் ஒளிந்திருந்தபோது, மாமா வீட்டுக்கு அம்மா ஒரே ஒரு போன் செய்ததற்கு அடுத்த வாரமே அவர் வாசலில் வந்து நின்றார். துணி அளக்கிற இரும்புக் கோலைக் கடையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தார். அம்மாவின் இடது காது போனது அன்றைக்குத்தான். அதனால்தான் போன் வேண்டாம், எழுதினால் போதும் என்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் தலையைத் தடவியதாக எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

தொண்டை நன்றாக இருக்கிறது. ஐஸ் போட்டதை மேனேஜர் பார்க்காதபோது மட்டும் குடிக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மாவுக்குக் கால் வீங்குவது நின்றதா?

என் அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே எனக்கு எதிரே வருகிறேன். போன் மேனேஜரிடம் இருக்கிறது. எனக்கு வருகிற செய்தியை அவரே படித்து அவரே பதில் போடுகிறார். நான் எவ்வளவு அன்பான பெண் என்பதை அந்தப் பதில்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே எனக்கென்று இருப்பவர் உடை தைக்கிற ஊசியம்மா மட்டும்தான். நீ எழுதுவது அவர் வீட்டு விலாசத்துக்கு வந்து, ஏதாவது ஒரு ஜாக்கெட்டின் உள்துணியில் ஒளிந்து என்னிடம் வருகிறது. "உன் அக்கா கையெழுத்துல பயம் தெரியுதுடி, கோடு போட்ட மாதிரி எழுதுறா" என்கிறார்.

பேட்டி முடிந்துவிட்டது. நீ சொன்னபடியே சொன்னேன். பேட்டி எடுத்த அம்மா என் கையைத் தொட்டு, "அப்பா?" என்று கேட்டார். "செத்துட்டார்" என்றேன். அக்கா, அதற்கு முன்னால் எப்போது சொன்னாலும் நீ பக்கத்தில் நின்று என் விரலைப் பிடித்திருப்பாய். இந்த முறை யாரும் இல்லை. அழுதுவிட்டேன். எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாவும் அழுதார். லைட் பிடித்தவர் மூக்கைச் சிந்துவது கேட்டது.

வெளியே வந்ததும் மேனேஜர், "இதை ஏம்மா இத்தனை நாள் மறைச்சு வச்சிருந்தே?" என்று என் தோளைத் தட்டினார். பாட்டுப் போட்டியில் ஜெயித்தபோதுகூட அவர் அப்படித் தட்டவில்லை. அடுத்த பாட்டு அப்பாவின் நினைவுக்காகவாம். போஸ்டரில் ஒரு காலி நாற்காலி, பக்கத்தில் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சரியாகத்தானே சொன்னேன்?

அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

மிளகு


ஏப்ரல் 11

அன்புள்ள மிளகுக்கு,

நாங்கள் சுகமாகவே இருக்கிறோம். நீ மெலிந்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள். டிவியில் எல்லாரும் அகலமாகத்தான் தெரிவார்கள் என்று படித்திருக்கிறேன், அப்படியிருந்தும் நீ ஒல்லியாகத் தெரிந்தாய்.

பேட்டியை வீட்டுக்காரம்மா கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். "அழுதாகூட அழகா இருக்காளே" என்றார் அவர். நீ சரியாகத்தான் சொன்னாய். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் நாம் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காதே மிளகு. ரோல் நம்பர் சொல்வதுபோலச் சொல்வோம், கேட்டவர்கள் அடுத்த நிமிஷமே மறந்துவிடுவார்கள். நீ அதற்கு உயிர் கொடுத்துவிட்டாய்.

பள்ளிக்கூட வாசலில் சொன்ன பொய் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிடும். இதுவோ வீடு வீடாகப் போயிருக்கிறது. அவர் இருக்கும் வீட்டுக்கும் போயிருக்கும். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்பதால் உன்மேல் கோபப்படவும் வழியில்லை.

அவர் தொழிலை யோசித்துப் பார். மழைக்கு ஒதுங்கியவரைக்கூடக் கையில் துணி வாங்கிய பையோடு அனுப்பிவைக்கிறவர். கடையில் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆள் இருக்காது. அக்கம்பக்கத்தில் நம்மைப் பார்த்து, "இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்பார்களே, நாமும் தலையை ஆட்டுவோமே. அப்படிப்பட்ட ஆளிடம் நாமாகவே சரக்கைக் கொடுத்திருக்கிறோம். நாற்காலி போஸ்டர் வேண்டாம் என்று சொல்லிப் பார். பாட்டையும் தள்ளிப்போடச் சொல்.

நான் படித்த கதைகளில் செத்தவர்கள்தான் பேயாக வருவார்கள். உயிரோடு இருப்பவரை நாம் எதற்குக் கூப்பிட வேண்டும்?

பழம் ஏதாவது வாங்கிச் சாப்பிடு. உடனே பதில் எழுது.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் எழுத நேரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இங்கே எனக்குப் புது ஷூ வந்திருக்கிறது. வெள்ளி நிறம், குதிகால் ஒரு சாண் உயரம். முதல் நாள் போட்டுக்கொண்டு நடந்தபோது கொக்கு வயலில் நடப்பது மாதிரி இருந்தது. ஆட்டம் சொல்லித்தரும் மாஸ்டர், "கீழ பார்க்காதே, தரை எங்கயும் போயிடாது" என்று கத்திக்கொண்டே இருந்தார். இடது காலில் கொப்புளம். ஊசியம்மா உள்ளே ஒரு பஞ்சுத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வலது ஷூ மட்டும் பெரிதாகத் தெரிந்தது, அதற்கும் ஒரு துண்டு. இப்போது பரவாயில்லை. முதலில் ஷூ கறுப்பாகத்தான் இருந்ததாம், பெரியவர் பார்த்துவிட்டு வெள்ளிதான் வேண்டும் என்றாராம். பெரியவர் என்றால் பாட்டுக் கம்பெனி முதலாளி. அவர் யாரிடமும் அதிகம் பேச மாட்டார், ஷூவை மட்டும் உன்னிப்பாகப் பார்ப்பார். ஷூவுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பை, பையைத் தூக்க ஒரு ஆள்.

பாட்டு நன்றாகப் போகிறதாம். நாற்காலி போஸ்டரைப் பற்றிச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அம்மா டிவி பார்க்கிறாளா? கொஞ்ச நாளைக்குப் பார்க்க விடாதே. கண்ணுக்கு நல்லதில்லை.

மிளகு


மே 12

மிளகுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்.

வீட்டில் டிவி போடவில்லை. ஆனால் ரொட்டிக் கம்பெனி சாப்பாட்டு அறையிலும் டிவி இருக்கிறது என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மத்தியானம் அம்மா டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அந்த டிவியில் அவர் வந்தாராம். வெள்ளைச் சட்டை. நன்றாக நரைத்துவிட்டதாம். "என் பொண்ணு நான் செத்துட்டேன்னு சொன்னா. தப்பில்லை. அவ வாயால சொன்னா நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். ஒரு தடவை அவளைப் பார்த்தா போதும்" என்றாராம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, அதை நான்காக மடித்து, ஓரத்தை நகத்தால் நீவிப் பைக்குள் வைத்தாராம். அம்மா எனக்கு அதைச் செய்து காட்டினாள், தன் முந்தானை நுனியில். அப்படியே அவர் கை.

சாப்பாட்டு அறையே அழுததாம். பக்கத்திலிருப்பவள், "பாவம் மனுஷன். கட்டினவ பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு எவன் பின்னால போனாளோ" என்றாளாம்.

"நீ என்னம்மா சொன்னே?" என்று கேட்டேன்.

"ஆமா, பாவம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? என் டப்பாவுல இருந்த முட்டையில பாதி அவளுக்குக் குடுத்தேன். வாயை அடைக்கணுமே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அந்த டப்பாவைக் கழுவ ஆரம்பித்தவள் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் குழாயை மூடிய பிறகும் கை தேய்த்துக்கொண்டிருந்தது.

ஷூவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய். பெட்டி, பை, தூக்குகிற ஆள் வரைக்கும் எழுதினாய். நீ பேச்சை மாற்றும்போது இப்படித்தான் பொருள்களைப் பற்றிப் பேசுவாய், சின்ன வயதிலிருந்தே. உனக்கு எப்போது தெரியும்?

அக்கா


மே 20

அக்கா,

நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி ஒன்றுமில்லை.

ஏப்ரல் கடைசியில் வந்தார். என்னைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் என் காதோடு, "அம்மா எங்க?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"தெரியும் கண்ணு. நீ பொய் சொன்னா எப்படி இருக்கும்னு இப்போ எனக்குத் தெரியும். டிவியில பார்த்தேனே."

அவர் குரல் கோபமாக இல்லை. துணியின் விலையைச் சொல்வது மாதிரி இருந்தது.

அவர் போன பிறகு பெரியவரிடம் சொன்னேன். "சார், அவர் அடிப்பார். எங்க அம்மாவை அடிச்சிருக்கார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அப்பாவும் அடிச்சவர்தாம்மா. அதனாலதான் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன். செத்துப்போன அப்பா திரும்பி வர்றது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நீதான் செத்துட்டார்னு சொன்னே. அவர் உயிரோட இருக்கார்னு தெரிஞ்சா ஊரெல்லாம் உன்னைப் பொய்க்காரின்னு பேசும். அதைச் சரி பண்ண இது ஒண்ணுதான் வழி."

ஜூலையில் பெரிய மேடை, நேரடி ஒளிபரப்பு. பாட்டு முடியும்போது அவர் மேடைக்கு வருவாராம், நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டுமாம். மாட்டேன் என்றால் அவர்களுக்கும் பாட முடியாது, வேறு யாருக்கும் பாட முடியாது. அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதுவரை அவர் கம்பெனி செலவில் ஹோட்டலில் இருக்கிறார்.

உன்னிடம் சொல்லாமல் இருந்தால் நீயாவது தூங்குவாய் என்று நினைத்தேன்.

நான் என்ன செய்யட்டும்?

மிளகு


ஜூன் 9

அன்புள்ள மிளகுக்கு,

நாங்கள் சுகம். எங்களைப் பற்றி நீ ஒன்றும் நினைக்க வேண்டாம். கொஞ்சமாவது சாப்பிடு, பாடுகிறவளுக்கு வயிறு காலியாக இருக்கக் கூடாது.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை, வேலைதான். வீட்டிலும் சின்னச் சின்ன வேலைகள். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டோம், பழையது துருப்பிடித்துவிட்டது. அம்மா இப்போது பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறாள், அந்தப் பக்கம் நிழல் அதிகம். ஆஸ்பத்திரியில் என் மேஜையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டேன், வெயில் கண்ணில் அடிக்கிறது.

உன் கேள்வியை இரண்டு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்துவிடு என்று எழுதினேன், கிழித்தேன். நீ ஓடி எங்கே வருவாய்? உன் முகம் தண்ணீர் பாட்டிலில்கூட ஒட்டியிருக்கிறது. நீ எங்களைத் தேடி வந்தால் உன் பின்னால் அவரும் வருவார். கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கட்டிப்பிடிக்கட்டும். நான் பதினெட்டு வருஷம் அந்த மனுஷன்கூடக் குடும்பம் நடத்தினேன், அவ ஒரு நிமிஷம் கட்டிப்பிடிச்சா ஒண்ணும் ஆயிடாது. பாட்டு போயிடக் கூடாது. நம்ம மூணு பேர்ல ஒருத்தியாவது வாயைத் திறந்து சத்தமா இருக்கட்டும்."

ஆகவே கட்டிப்பிடி. சிரி. எங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லாதே. எந்த ஊர், என்ன வேலை, எதுவும் வேண்டாம். நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்பதே யாருக்கும் தெரிய வேண்டாம்.

நான் பயப்படவில்லை.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

அம்மா சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் குளியலறையில் இருந்தேன். அங்கே மட்டும்தான் கண்ணாடி சின்னது. நீங்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று இனிமேல் கேட்கவே பயமாக இருக்கிறது. தாழ்ப்பாள் துருப்பிடித்ததா அக்கா? நாம் அந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லையே.

தினமும் ஒத்திகை. மேடைத் தரையில் டேப்பால் இரண்டு பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறார்கள், வெள்ளை எனக்கு, சிவப்பு அவருக்கு. அவர் சிவப்பில் வந்து நின்று கையை விரிப்பார். நான் வெள்ளையிலிருந்து ஓட வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை ஓடுகிறேன் என்று எண்ணுவதில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும்மா, உங்க அப்பாதானே" என்கிறார் மாஸ்டர். சிவப்பில் நிற்கிறவர் எல்லாவற்றையும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். எந்த லைட் எப்போது வரும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வயர் இழுப்பவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கிறார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது.

ஊசியம்மா ஒருத்தருக்குத்தான் பிடிக்கவில்லை. நேற்று அளவெடுக்கும்போது டேப்பை என் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார். "அந்த ஆள் உள்ள வந்தா உன் தோள் மேல ஏறிக்குது. வெளிய போனாதான் இறங்குது. எந்த அளவுக்குடி நான் தைக்கிறது?" என்று கேட்டார்.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊசியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார், கோட்டு தைத்ததற்கு நன்றி சொல்ல என்று. தேநீர் குடித்தாராம். தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று பேச்சுவாக்கில் கேட்டாராம்.

அந்த விலாசத்துக்கு இனிமேல் எழுதாதே. நானே எழுதும்வரை எழுதாதே.

மிளகு


ஜூலை 14

என் அக்காவுக்கு, என் அம்மாவுக்கு,

நன்றாக இருக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே.

நீங்கள் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் நான் சொல்ல வேண்டும். பாட்டு முடிந்தது. அவர் வந்து சிவப்புக் குறியில் நின்று கையை விரித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் ஓட வேண்டும். கால் நகரவில்லை அக்கா. முதலில் பயத்தில்தான் நின்றேன், தைரியத்தில் இல்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. கையில் மைக் இருந்தது. மைக் கையில் இருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றும்.

"இவர் செத்துட்டார்னு நான் சொன்னது பொய். உயிரோடதான் இருக்கார். உயிரோட இருக்கார்ங்கிறதுதான் எங்க பயமே. எங்க அம்மாவுக்கு ஒரு காது கேக்காது, இவர் அடிச்சதுல போனது. அந்த ஒத்தைக் காதோட எங்க அம்மா ரொட்டிக் கம்பெனியில பாக்கிங் பண்ணி என்னைப் பாட வச்சாங்க. எங்க அக்கா ஊர்ல இருக்கிறவங்க காதையெல்லாம் பரிசோதிச்சு என்னைப் படிக்க வச்சா. நான் யார் பொண்ணுன்னு எல்லாரும் கேக்கறீங்களே, நான் அவங்க பொண்ணு."

அவர் கையை இறக்கவே இல்லை. சிரித்த முகம் மாறவில்லை. "குழந்தை களைச்சுப் போயிருக்கா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

கம்பெனி என்னை வெளியே அனுப்பிவிட்டது. ஊசியம்மாவும் வேலையை விட்டுவிட்டார். இப்போது அவர் தங்கை வீட்டில் இருக்கிறேன், விலாசம் கீழே. ஆனால் வெளியே போய்ப் பார் அக்கா. பெண்கள் வாசலில் வந்து நின்று, தங்களுக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். என்னைப் பொய்க்காரி என்று சொன்ன அதே டிவி இப்போது என்னை வாழ்த்துகிறது. வேறு கம்பெனிகள் வந்து பேசுகின்றன, பழைய கையெழுத்தை வக்கீல் பார்த்துக்கொள்வாராம். அந்த ஆள் ஹோட்டலைக் காலி செய்துவிட்டாராம். இனி ஒளிய வேண்டியது அவர்தான், நாம் இல்லை.

எல்லாரும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒரு கார் அனுப்பட்டுமா? நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுது.

மிளகு


ஆகஸ்ட் 3

அன்புள்ள மிளகுக்கு,

அம்மாவுக்கு உடம்பு தேவலை. எனக்கும் அப்படியே. நீ தூங்குகிறாயா? பால் குடித்துவிட்டுப் படு.

மேலே விலாசம் இல்லாததைப் பார்த்திருப்பாய். இதை வேறோர் ஊரில் தபாலில் போடச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ பேசியதை வீட்டுக்காரம்மா கூடத்தில்தான் பார்த்தோம். நீ 'ரொட்டிக் கம்பெனி' என்று சொன்ன இடத்திலேயே அம்மா எழுந்துவிட்டாள். 'நான் அவங்க பொண்ணு' என்று நீ சொன்னபோது அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைப் பிறகு நான்தான் அவளிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல் என்றாள். சொன்னேன். பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். சம்பள நாள் வரட்டும் என்று தங்கிவிட்டோம். காது கேட்காத, ரொட்டி பாக்கிங் செய்கிற, மகள் காது ஆஸ்பத்திரியில் இருக்கிற அம்மாக்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மறுநாளே கம்பெனி வாசலில் கேமராவோடு வந்துவிட்டார்கள். நல்லவர்கள்தான். பூங்கொத்து கொண்டுவந்திருந்தார்கள். முட்டை வாங்கிச் சாப்பிட்டாளே, அவள்தான் அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவங்கதான், எங்க மேஜைதான்" என்று பெருமையாகக் காட்டினாளாம். அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவின் முகம் டிவியில் வந்தது. பின்னால் கம்பெனியின் பெயர்ப்பலகை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பரிசோதனை முடித்து வெளியே வந்தபோது டாக்டர், "உங்க மாமா வந்திருந்தாரும்மா. ரொம்பத் தன்மையான மனுஷர். வீட்டு அடையாளம் கேட்டார், சொன்னேன்" என்றார். டாக்டர் டிவி பார்க்காதவர். நமக்கு இருக்கிற ஒரே மாமா எப்படி இருப்பார் என்று உனக்குத் தெரியும், தன்மை என்ற சொல்லே பொருந்தாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்த் தேநீர்க் கடையில் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்தான் நின்றிருந்தார். அவசரமே இல்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தம்ளரை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

பின்பக்கமாகப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டியை எடுக்க வீட்டுக்குப் போகவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள், அவர் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டார்கள்.

நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் பயம் விட்டுப்போகும் என்று நிறையப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். உனக்கு விட்டுப்போயிருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். நீ வெளிச்சத்தில் நிற்கிறாய், அவர் உன் பக்கத்தில் வரப் பயப்படுவார். நாங்கள் அந்த வெளிச்சத்தில் வந்து நிற்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவளுக்குக் கூட்டம் வரும், போகும். நான் ஒரு நாள் தனியா கடைக்குப் போவேன்ல" என்றாள்.

எனக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்துவிட்டது. என்ன வேலை என்று எழுத மாட்டேன். கோபமில்லை மிளகு. உனக்கு மைக் கையில் இருந்தால் ஏதாவது சொல்லத் தோன்றும், நீயே எழுதியிருக்கிறாய். தெரியாததை உன் வாயிலிருந்து யாரும் வாங்க முடியாது. ஆகவே இதற்கு நீ பதில் எழுத முடியாது. நானும் இனி எழுத மாட்டேன்.

பாடுவதை நிறுத்தாதே. மாதத்துக்கு ஒன்றாவது பாடு. நீ நலமா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இனி வேறு வழி கிடையாது.

என்றைக்காவது உன் கூட்டத்துக்கு நாங்கள் வருவோம். வராமல் இருக்க அம்மாவால் முடியாது. அப்படி எங்கள் முகம் உன் கண்ணில் பட்டால் கையசைக்காதே, சிரிக்காதே, பாட்டை விடாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள். நீ எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள்.

அக்கா